காங்கயம் கொறங்காட்டுல இருந்து பர்கூர் பட்டி வரைக்கும்: மாடு படுக்குற எடம் பாக்க ஒரு பைக் பயணம்

மச்சான் லால்குடி பக்கத்துல அஞ்சு கறவை மாடு வாங்கிப் போடப்போறேன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தான். மாடு வாங்குறதுக்கு முன்னாடி கொட்டகை போடணும்ல, அதுக்காக யூடியூப்ல வீடியோவா பாத்துத் தள்ளி கடைசில ஒண்ணுமே புரியாம உக்காந்துட்டான், ஒருத்தர் மாட்டை ரெண்டு வரிசையா தலைக்குத் தலை பாத்த மாதிரி கட்டுங்கறாரு, இன்னொருத்தர் வாலுக்கு வால் தான் கரெக்ட்டுங்கறாரு, மூணாவது ஆளு மாட்டை கட்டவே கூடாதுங்கறாரு. சரி கெளம்பு, நேர்லயே போய் பாத்துடலாம்னு திருச்சியில இருந்து பைக்க எடுத்தாச்சு. ஊர் சுத்த எனக்கு ஒரு சாக்கு கெடச்சா போதும்.

பங்குனி வெயில். கரூர் தாண்டினதுல இருந்தே மண்டை காய ஆரம்பிச்சிடுச்சு, வெள்ளக்கோவில்ல எளநீ குடிச்சிட்டு காங்கயம் பக்கம் உள்ரோட்டுல திரும்புனா ரெண்டு பக்கமும் கிளுவ வேலி, அதுக்குள்ள செம்மண்ணும் கல்லுமா காஞ்ச நெலம், நடு நடுவுல கொடை பிடிச்ச மாதிரி வெள்வேல மரம். இதைத்தான் கொறங்காடுன்னு சொல்றாங்க. வெளியூர்க்காரன் பாத்தா தரிசுன்னு நெனச்சுட்டுப் போயிடுவான், ஆனா இது மாட்டுக்குன்னே விட்டு வச்சிருக்குற மேய்ச்சல் காடு, பரம்பரையா வர்ற சொத்து. மழை பேஞ்சா கொழுக்கட்டப் புல்லு தானா மொளைக்கும், வெயில் காலத்துல புல்லு காஞ்சு போனாலும் வெள்வேலங்காய் உதிரும், அதை மாடு தேடித் தேடிப் பொறுக்கித் திங்கும். பழையகோட்டை பட்டக்காரர் குடும்பம் காங்கயம் மாட்டை வளர்த்து பேர் வாங்கிக் கொடுத்ததெல்லாம் இந்த மாதிரி காட்டை நம்பித்தான்.

ஒரு படலைத் தாண்டி எட்டிப் பாத்தோம். உள்ள மரத்தடியில நாலு மாடு படுத்து அசை போட்டுட்டு இருக்கு, பக்கத்துல செவலையா ஒரு கன்னுக்குட்டி. காங்கயம் கன்னு பொறக்கும்போது செவப்பாத்தான் இருக்கும், ஆறு மாசம் வாக்குல தான் வெளுக்க ஆரம்பிக்கும், அது தெரியாம மச்சான் "இது வேற ஜாதி போல மாமா"ன்னான். காட்டுக்காரர் ஒரு பெரியவர் வந்தாரு. ராத்திரி மாட்டை எங்க கட்டுவீங்கன்னு கேட்டோம், அவருக்கு கேள்வியே புரியல.

"எதுக்குங் தம்பி கட்டோணும்? படலைச் சாத்திப்போட்டு நானு ஊட்டுக்குப் போயிருவனுங்க. அதுக எங்க வேணுமோ அங்க படுத்துக்கும்."

மழை வந்தா?

"மழை எங்கீங்க வருது இங்க?" அப்படின்னு சிரிச்சாரு. உண்மைதான், அந்தப் பக்கம் வருசத்துக்கே 600 மில்லிமீட்டர் வாக்குல தான் மழை, பேஞ்சாலும் சரளை மண்ணு தண்ணிய நிக்க விடாது. சேறு இல்லாத தரை, காத்து, மர நெழல், ஓரத்துல கல் தொட்டியில தண்ணி. கொட்டகைன்னு ஒண்ணு செய்ய வேண்டிய வேலை மொத்தமும் இங்க கூரையே இல்லாம நடந்துட்டு இருக்கு. கறக்குற மாட்டையும் பிஞ்சுக் கன்னையும் மட்டும் வீட்டுகிட்ட கட்டுத்தரைக்கு கொண்டாந்துடுறாங்க. என்ன, நேரத்துக்கு ரெண்டு லிட்டர் கறந்தாலே அது பெருசு. மச்சானுக்கு மொகம் வாடிப்போச்சு, அவன் கணக்கு பதினஞ்சு லிட்டர்ல இருக்கு.

அங்க இருந்து சென்னிமலை, பெருந்துறை வழியா கோபி. சென்னிமலையில பெட்ஷீட் வாங்காம வந்தா வீட்டுல சோறு கெடைக்காதுன்றதால அந்த வேலையும் முடிஞ்சுது. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துக்குள்ள நொழஞ்சதும் கண்ணுக்கு குளுமை, மஞ்சக்காடு, கரும்பு, நெல்லு, வரப்போரம் எல்லாம் கோ-4, கோ-5 தீவனப் புல்லு ஆளு உயரத்துக்கு நிக்குது. பச்சைத் தீவனம் இப்படி இருந்தா கலப்பின மாடு வராம வேற என்ன வரும். பால் சொசைட்டிக்கு கேன் தூக்கிட்டுப் போற எக்ஸெல் சூப்பர் வண்டிகளை எண்ணவே முடியாது.

தெரிஞ்சவர் மூலமா ஒரு அக்கா பண்ணைக்குப் போனோம், இந்த மொத்தப் பயணத்துலயும் நாங்க கத்துக்கிட்டது அதிகம் அந்த அக்காகிட்ட தான். பன்னெண்டு கறவை, எல்லாம் எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கிராஸும் ஜெர்ஸி கிராஸும். மொதல்ல அவங்க காட்டுனது அவங்களோட பழைய கொட்டாய், இப்ப அதுல சோளத்தட்டு அடுக்கி வச்சிருக்காங்க. ஏழடி உயரத்துல சிமெண்ட் ஷீட்டு, நாலு பக்கமும் மேல வரைக்கும் செவுரு, ரெண்டே ரெண்டு ஜன்னல். உள்ள போய் நின்னா நமக்கே மூச்சு முட்டுது. "ஊடு மாதிரி பாதுகாப்பா இருக்கோணும்னு எங்க மாமனார் கட்டுனதுங்க. சித்திரையில மாடெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு எளைக்கும், எச்சி ஒழுகும், பால் பாதியா எறங்கிரும். டாக்டர் வந்து பாத்துட்டு மாட்டுக்கு ஒண்ணுமில்ல, கொட்டாய்க்குத்தான் காய்ச்சல்னாருங்க."

இதுக்கு காரணமும் அக்காவே சொன்னாங்க. எச்எஃப் எல்லாம் குளிர் நாட்டு மாடு. அது வயித்துல தீவனம் புளிக்கும்போதே நெறைய சூடு கெளம்பும், பால் எவ்ளோ அதிகமா கறக்குதோ அவ்ளோ தீனி திங்கும், அவ்ளோ சூடு. அந்தச் சூட்டை வெளிய தள்ள அதுக்கு காத்து வேணும். காங்கயம் மாட்டுக்கு வேர்வை, தோலு எல்லாம் இந்த வெயிலுக்குன்னே அமைஞ்சது, அதுக்கு மரத்தடி போதும். பால் அதிகம் வேணும்னு நாம மாத்திட்டோம், அதனால மரத்தடிய நாம தான் கட்டிக் கொடுக்கணும். நான் அங்க நின்னுட்டு புது கொட்டாயைப் பாத்தப்போ எனக்குத் தோணுனது இதுதான், காலைல பாத்த கொறங்காட்டைத்தான் இவங்க காசு போட்டு திருப்பி செஞ்சிருக்காங்க.

புது கொட்டாய் நீளம் கிழக்கு மேற்கா ஓடுது, அதனால மத்தியான வெயில் உள்ள எட்டிப் பாக்காது. நடு உச்சி பதினஞ்சு அடி இருக்கும், ரெண்டு ஓரமும் பத்தடி கிட்ட. உச்சியில கூரையை மூடாம ஒரு சந்து விட்டு அதுக்கு மேல தனியா ஒரு தொப்பி மாதிரி ஷீட்டு, சூடு காத்து அது வழியா போயிடும். செவுரு இடுப்பளவு தான், அதுவும் மேக்கு பக்கம் மட்டும். ஷீட்டு மேல சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க, அதுக்கு மேல தென்னங்கீத்து. ஒரு மாட்டுக்கு கூரைக்குள்ள மூணரை சதுர மீட்டர், வெளிய தெறந்த எடம் அதுக்கு ரெண்டு மடங்கு, இதுதான் புத்தகக் கணக்கு, எருமைன்னா இன்னும் கொஞ்சம் கூட. அக்கா வெளிய விட்டது புத்தகத்தை விட தாராளம், சுத்தி கம்பிவேலி போட்டு நடுவுல வேப்பமரம், புங்கமரம். கறக்குற நேரம் தவிர மாட்டை கட்டுறதே இல்ல. அவுத்து விட்டா மாடு பருவத்துக்கு வர்றது உடனே தெரிஞ்சுடுதாம், ஒண்ணு மேல ஒண்ணு தாவும்ல, கட்டிப்போட்டா அது கத்துறதை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும், ராத்திரி கத்துனா அதுவும் போச்சு.

மச்சான் ஃபாகர், அதான் தண்ணிய பனி மாதிரி தெளிக்குற மெஷினு, போடலாமாக்கான்னு ஆசையா கேட்டான். காத்து ஓடாத எடத்துல ஃபாகர் போட்டா கொட்டாய் இட்லிப்பானை ஆயிடும்னு ஒரே போடா போட்டுட்டாங்க. மொதல்ல ஃபேன், அப்புறம் தான் தண்ணி. அதை விட முக்கியம் குடிதண்ணி, நேரத்துக்கு ரெண்டு பக்கெட்டு காட்டுறதெல்லாம் கறவை மாட்டுக்குப் பத்தாது, எந்நேரமும் தொட்டி நெறஞ்சு இருக்கணும், அந்தத் தொட்டிக்கும் நெழல் இருக்கணும், இல்லன்னா வெந்நி தான் குடிக்கும்.

தரை தான் அக்காவோட ஸ்பெஷல். கான்கிரீட்டை வழவழன்னு தேச்சு விடாம கோடு கோடா கீறி விட்டிருக்காங்க, வழுக்கி கால் விரிஞ்சா சினை மாடு அதோட முடிஞ்சுது. நாப்பது அடிக்கு ஒரு அடி சரிவு, மூத்திரம் அப்படியே வாய்க்காலுக்குப் போய் சாண எரிவாயு தொட்டிக்குள்ள எறங்குது. சரிவு கம்மின்னா ஈரம் நிக்கும், அதிகமாச்சுன்னா மாடு நிக்க படுக்க கஷ்டப்படும். ஒரு மாடு நாளைக்கு பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் படுக்கும்ங்கறது எனக்கு புது விஷயம், படுத்து அசை போட்டாத்தான் பால். அதனால படுக்குற எடம் காஞ்சும் மெத்துனும் இருக்கணும்னு ரப்பர் மேட்டு, வெளிய மண்ணுத் தரை.

அப்புறம் சாயங்காலம் கறந்து முடிச்ச கையோட எல்லா காடியிலயும் (தீனித் தொட்டி) தீவனத்தை கொட்டுனாங்க. ஏன் கறக்கறப்ப போடாம இப்பன்னு கேட்டதுக்கு, கறந்ததும் காம்பு ஓட்டை கொஞ்ச நேரம் தெறந்தே இருக்குமாம், உடனே படுத்துட்டா தரையில இருக்குற கிருமி உள்ள போய் மடிவீக்கம் வரும், தீவனம் இருந்தா அரை மணி நேரமாவது நிக்கும்ல. பைசா செலவில்லாத வைத்தியம். கொட்டாய்க்குள்ள நாலஞ்சு நாட்டுக்கோழி வேற சுத்துது, உண்ணி பொறுக்க. நூறு வீடியோவுல இந்த ரெண்டையும் யாரும் சொல்லலையேடான்னு மச்சானைப் பாத்தேன், அவன் செல்போன்ல குறிச்சுட்டு இருந்தான்.

கொடிவேரி அணையில ஒரு குளியல் போட்டுட்டு அத்தாணி வழியா அந்தியூர். இங்க குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த்திருவிழாவுக்கு மாட்டுச்சந்தையும் குதிரைச்சந்தையும் கூடும், நாங்க போனப்போ அந்த மைதானம் சும்மா கெடந்துச்சு. வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டுனா பர்கூர் மலை ஏறுது. வளைவுக்கு வளைவு காத்து மாறி தாமரைக்கரை போய் நின்னப்போ சட்டைக்குள்ள சில்லுன்னு இருந்துச்சு. இந்த மலையோட மாடு தான் பர்கூர் செம்மறை, செவப்பு ஒடம்புல வெள்ளைத் திட்டு தெளிச்ச மாதிரி, கொஞ்சம் சின்ன உருவம், மனுசனைக் கண்டா மொறைக்கும். ஜனங்க வீட்டுல கன்னடம் பேசுறாங்க, நம்மகிட்ட தமிழ்.

இங்க மாடு இருக்குறது பட்டியில. காட்டுக்குள்ள முள்ளும் மரமும் வச்சு அடைச்ச பெரிய வளைவு, மேல வானம். பகல்ல மேஞ்சுட்டு சாயங்காலம் தானா வந்து அடையும். கூரை இருக்குறது கன்னுக்குட்டிக்கு மட்டும், சின்ன குடிசை மாதிரி, ஏன்னா சிறுத்தை மொதல்ல கை வைக்குறது அதுங்க மேல தான். கோபியில செவுரைக் கொறச்சது காத்துக்கு, இங்க வேலி அடைக்கிறது சிறுத்தைக்கு. பால் ரொம்ப சொற்பம், அதைக் கன்னு குடிச்சிடும். பட்டிக்காரங்களுக்கு வருமானமே காளைக்கன்னும் எருவும் தான், பட்டி எரு வாங்க கீழ இருந்து லாரி வரும். நாங்க பேசுன அண்ணன் ஒருத்தர் கவலையெல்லாம் பட்டி இன்னும் எத்தனை நாளைக்குன்னு தான். 2024-ல இந்த மலைக்காட்டை தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமா அறிவிச்சாச்சு, மேய்ச்சலுக்கு என்ன ஆகும்னு ஊரே பேசிட்டு இருக்கு. காடும் வேணும், மாடும் வேணும், இதுல வெளியூர்ல இருந்து வந்த நான் தீர்ப்பு சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா அந்த மாட்டை கீழ கொண்டு போய் கொட்டகையில கட்டி வளக்கலாமேன்னு யாராவது ஐடியா குடுத்தா அவங்க பட்டியை கண்ணால பாக்கலைன்னு அர்த்தம்.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். பர்கூர் ரோட்டுல சாயங்காலத்துக்கு மேல பைக்ல போகாதீங்க, யானை ரோட்டுலயே நிக்கும், மழைக்காலத்துல மண்சரிவும் உண்டு, அந்தியூர்ல பெட்ரோல் போட்டுக்கோங்க. பட்டி பாக்கணும்னா ஊர்க்காரங்க ஒருத்தரைக் கூட்டிட்டு போங்க, தனியா போனா நாய் விடாது, மாடும் விடாது. சந்தையும் சேத்துப் பாக்கணும்னா ஆடி மாசம் வாங்க, ஆனா ரூம் முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. மச்சான் இப்ப மேஸ்திரிகிட்ட பதினஞ்சு அடி உச்சி வேணும்னு சண்டை போட்டுட்டு இருக்கான், அவரு பத்தடி போதும்ங்கறாரு.