ரதர்ஃபோர்டின் இரண்டு புத்தகங்கள்: ஆன்வொத் முதல் செயின்ட் ஆண்ட்ரூஸ் வரை

எடின்பரோவின் ராயல் மைல் தெருவில், செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டித் தரைக்கற்களில் ஓர் எண்கோணம் பதித்திருக்கிறார்கள். கூட்டம் அதைக் கவனிக்காமல் மேலேயே நடந்து போகிறது. மெர்கட் கிராஸ் என்ற பழைய சந்தைத் தூண் 1756 வரை நின்ற இடம் அது. அரச அறிவிப்புகளை வாசித்ததும் தலைகளை வெட்டியதும் அங்கேதான். உள்நாட்டுப் போருக்குப் பின் மன்னராட்சி திரும்பி வந்த 1660-இல், அக்டோபர் மாதம், அதே இடத்தில், மரண தண்டனை நிறைவேற்றும் ஆளைக் கொண்டே ஒரு புத்தகத்தை எரித்தார்கள்.

அந்தப் புத்தகம்தான் என்னை ஸ்காட்லாந்துக்கு இழுத்துப்போனது. 'லெக்ஸ், ரெக்ஸ்', அதாவது சட்டமும் அரசனும். எழுதியவர் சாமுவேல் ரதர்ஃபோர்டு, பிரெஸ்பிட்டேரியன் போதகர், அதாவது பேராயர்கள் இல்லாமல் மூப்பர்களே நடத்தும் சபையைச் சேர்ந்தவர். அரசனுக்கு அதிகாரம் கடவுளிடமிருந்து நேரே வருகிறது, மக்கள் அவனைக் கேள்வி கேட்க முடியாது என்று ஜான் மேக்ஸ்வெல் என்ற பேராயர் எழுதியிருந்தார். அதற்கு மறுப்பாக 1644-இல் லண்டனில் இது வெளிவந்தது. 44 கேள்விகளை எழுப்பி ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு போகிறார். அதிகாரம் கடவுளுடையதுதான், ஆனால் அது மக்கள் வழியாகவே அரசனிடம் வருகிறது. நம்பி ஒப்படைத்ததை அவன் மக்களுக்கு எதிராகத் திருப்பினால் அவனைத் தடுக்கலாம், ஆயுதம் எடுத்தும் தடுக்கலாம். அரசன் முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தை எதிர்த்துப் போர்க்களத்தில் இருந்த நேரத்தில், பெயர் தெரிந்தால் கழுத்துக்கு ஆபத்து என்ற நிலையில், இதை எழுதியிருக்கிறார். படிக்கும்போது இன்றும் சிலிர்க்கிறது.

அவர் சபை நடத்திய ஊர் ஆன்வொத். தென்மேற்கு ஸ்காட்லாந்தில், கேட்ஹவுஸ் ஆஃப் ஃப்ளீட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. டம்ஃப்ரீஸ் வரை ரயில், அப்புறம் பஸ், மிச்சம் நடை. பழைய ஆலயத்துக்கு இப்போது கூரை இல்லை. சுவர்களில் ஐவிக்கொடி அடர்ந்து கிடக்கிறது. உள்ளே கோர்டன் குடும்பத்தின் செதுக்குக் கல்லறை மட்டும் பெரிதாக நிற்கிறது. இடம் ரொம்பக் குறுகல். ஒரு பக்கச் சுவரிலிருந்து சில எட்டு வைத்தால் எதிர்ச்சுவர். 1627-இல் இங்கே வந்தவர், மூன்றே வருடத்தில் மனைவியைப் பறிகொடுத்தார். 1636-இல் ஆர்மீனியஸ் என்ற டச்சு இறையியலாளரின் கொள்கையைத் தாக்கி ஒரு லத்தீன் நூல் எழுதியதற்காகப் பதவியைப் பறித்து, பிரசங்கிக்கவும் தடை போட்டு, அபர்டீனுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரசங்க மேடை போனதும் கடிதம் எழுத ஆரம்பித்தார். நமக்குக் கிடைத்திருக்கும் 365 கடிதங்களில் பாதிக்கு மேல் அங்கிருந்து எழுதியவை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு அவர் எழுதியவற்றில் அவ்வளவு கனிவு இருக்கிறது. சீர்திருத்தச் சபைகளில் இன்றும் அவற்றை விரும்பிப் படிக்கிறார்கள்.

ஆன்வொத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. ஒரு சனிக்கிழமை இரவு, அயர்லாந்துப் பேராயர் அஷர் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல் ரதர்ஃபோர்டு வீட்டில் வந்து தங்கினாராம். வீட்டம்மா வேதக் கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்து, கட்டளைகள் எத்தனை என்றார். "பதினொன்று" என்றார் விருந்தாளி. இவ்வளவு வயதாகி இதுகூடத் தெரியவில்லையே என்று அம்மா வருத்தப்பட்டார். மறுநாள், "ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்" என்ற புதிய கட்டளையை வைத்து அவர் பிரசங்கம் செய்தபோதுதான் பதினொன்று எது என்று புரிந்ததாம். நடந்ததோ இல்லையோ, பிரெஸ்பிட்டேரியன் போதகர் பேராயர் ஒருவருக்குத் தன் மேடையைக் கொடுத்தார் என்பதைச் சபை மக்கள் பெருமையாக நினைத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ரதர்ஃபோர்டு பின்னால் எழுதியதை வைத்துப் பார்க்கும்போது வலிக்கவும் செய்யும்.

பக்கத்துக் குன்றில் 1842-இல் எழுப்பிய கிரானைட் நினைவுத்தூண் இருக்கிறது. ஏறிப் பார்த்தால் ஃப்ளீட் விரிகுடா முழுக்கத் தெரியும்.

அங்கிருந்து கிழக்கே, செயின்ட் ஆண்ட்ரூஸ். லூக்கர்ஸ் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். 1638-இல், அரசன் திணித்த சபை மாற்றங்களை எதிர்த்து ஸ்காட்லாந்து மக்கள் எடுத்த தேசிய உடன்படிக்கை கையெழுத்தாகி பேராயர்களின் பிடி விட்டதும், அடுத்த வருடமே ரதர்ஃபோர்டு இங்கே செயின்ட் மேரிஸ் கல்லூரிக்கு இறையியல் பேராசிரியராக வந்தார். சவுத் ஸ்ட்ரீட்டில் கல்லூரி இன்றும் நடக்கிறது. வாசல் வழியாக உள்ளே போனால் புல்வெளியும் பெரிய மரமுமாக அமைதியான முற்றம். அவருடைய புத்தகத்தை எடின்பரோவில் எரித்தது போதாதென்று இந்த ஊரிலும், அவர் பாடம் நடத்திய கல்லூரி வாசலிலேயே எரித்தார்கள்.

ஆனால் இதே ஊர்க்காரராக இருந்தபோதுதான், 1649-இல், அவருடைய இன்னொரு புத்தகம் வந்தது. மனச்சாட்சிச் சுதந்திரம் என்பதே போலி என்று வாதாடும் புத்தகம். தவறான போதனையை அரசு அதிகாரி வாளால் தண்டிக்க வேண்டும் என்கிறார். ஆங்கிலக் கவிஞர் மில்டன் முன்பே இவரைப் பெயர் சொல்லி ஒரு கவிதையில் தாக்கியிருந்தார். பழைய குருவின் இடத்தில் புது மூப்பர் வந்து உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான் என்பது அவர் கோபம்.

ரதர்ஃபோர்டை ஜனநாயகத்தின் முன்னோடி என்று கொண்டாடுகிறவர்கள் இந்த இரண்டாவது புத்தகத்தைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடுகிறார்கள். அது நேர்மையில்லை. மனிதர் மாறவும் இல்லை, முன்னுக்குப் பின் முரணாகப் பேசவும் இல்லை. கடவுளின் சட்டத்துக்கு மேலே யாரும் இல்லை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை அரசனைக் கீழே இறக்கியது. சபைக்கு ஒவ்வாததை நம்புகிறவனையும் அதுவே வாளுக்கு முன்னால் நிறுத்தியது. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு, தன் சபையைத் தவிர வேறு பதில் இருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த மனப்போக்கு அவரோடு போகவும் இல்லை. 1697 ஜனவரியில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற எடின்பரோ மாணவனை, இருபது வயது இளைஞனை, தெய்வநிந்தனைக்காகத் தூக்கில் போட்டார்கள். பிரெஸ்பிட்டேரியன் சபை மன்றம் கருணை கேட்கவில்லை, சட்டத்தைத் தீவிரமாக நிறைவேற்றச் சொன்னது.

1661 மார்ச்சில் ரதர்ஃபோர்டு இறந்தார். தேசத்துரோக வழக்குக்கு வரச்சொல்லி ஆணை வந்தபோது படுத்த படுக்கை. இதைவிடப் பெரிய நீதிபதியின் அழைப்பு முதலில் வந்துவிட்டது, அதற்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் என்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்கு நான் தலை வணங்குகிறேன். செயின்ட் ஆண்ட்ரூஸில் இடிந்த கதீட்ரலின் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். சீயோனின் அரசரான கிறிஸ்துவுக்காகவும் ஸ்காட்லாந்தின் உடன்படிக்கைச் சட்டங்களுக்காகவும் கடைசிவரை வாதாடினார் என்று கல்லில் செய்யுள் இருக்கிறது. ஐம்பது வருடம் கழித்து இறந்த ஹாலிபர்ட்டன் என்ற பேராசிரியர், அவர் பக்கத்திலேயே தன்னைப் புதைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

1683-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆபத்தான நூல்கள் என்று ஒரு பட்டியல் போட்டு எரிக்க உத்தரவிட்டது. அதில் 'லெக்ஸ், ரெக்ஸ்' இருந்தது, மில்டனும் இருந்தார். ஸ்காட்லாந்தில் இந்த ஊர்களுக்குப் போகிற எண்ணம் இருப்பவர்கள் ரதர்ஃபோர்டின் இரண்டு புத்தகங்களையும் கொஞ்சமாவது புரட்டிவிட்டுப் போங்கள். இணையத்திலேயே படிக்கலாம். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலம் முதலில் படுத்தும். 1644 புத்தகத்தின் முதல் சில கேள்விகளைத் தாண்டிவிட்டால் பழகிவிடும்.