லூப் முடிந்த பிறகு கையில் என்ன இருக்கிறது?

எங்கள் அலுவலகம் தஞ்சாவூரில் இருக்கிறது. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கத்துக் கல்லூரிகளில் படித்த பிள்ளைகள்தான் பெரும்பாலும் வேலைக்குச் சேர்கிறார்கள். அவர்களுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைப் பழக்குவது என் பொறுப்பு. முதல் பயிற்சியாக மேட்டூர் நீர்க்கணக்கைக் கொடுப்பேன். டெல்டாவில் வளர்ந்த பிள்ளைக்கு இருப்பு, வரத்து, திறப்பு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. நேற்றைய இருப்போடு இன்றைய வரத்தைக் கூட்டி, திறப்பைக் கழித்தால் இன்றைய இருப்பு. வினாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 0.0864 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). கணக்கு அவ்வளவுதான்.

லூப், அதாவது ஒரே கட்டளைகளை நாளுக்கு ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதி, அதை எழுத யாரும் சிரமப்படுவதில்லை. இருப்புக்கு ஒரே ஒரு மாறியை (மதிப்புக்கு வைக்கும் பெயரை) வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதையே மாற்றி, கடைசியில் பிரிண்ட் செய்துவிட்டு, "விடை வந்துடுச்சு சார்" என்பார்கள். வந்த விடையைப் பார்ப்போம். தொடக்க இருப்பு 90 டிஎம்சி. முதல் ஐந்து நாள் வரத்து 30,000 கன அடி, அடுத்த பத்து நாள் 2,000. திறப்பு எல்லா நாளும் 12,000. பதினைந்தாம் நாள் இருப்பு 89.14 என்று வரும். பார்த்தால் எந்தச் சந்தேகமும் வராது.

இப்போது லூப்புக்கு வெளியே ஒரு காலி லிஸ்ட் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) வைத்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அன்றைய இருப்பை அப்பெண்ட் செய்ய, அதாவது அதன் கடைசியில் சேர்க்கச் சொல்வேன். லிஸ்டைப் பிரித்துப் பார்த்தால் மூன்றாம் நாளே 94.67 என்று நிற்கும். மேட்டூரின் முழுக் கொள்ளளவோ 93.47 டிஎம்சி, 120 அடி நிரம்பினால் அவ்வளவுதான். அதற்கு மேல் வருவது அணையில் நிற்காது, உபரியாக வெளியேறிவிடும். அந்த வரம்பைக் கணக்கில் சேர்த்தால் பதினைந்தாம் நாள் விடை 84.83. நாலு டிஎம்சிக்கும் மேல் வித்தியாசம்! கடைக்கோடி வாய்க்காலுக்குத் தண்ணீர் வருமா என்று காத்திருப்பவர்களுக்கு அது சின்ன அளவு இல்லை. கடைசி எண்ணை மட்டும் வைத்திருந்தால் இந்தத் தவறு கண்ணிலேயே பட்டிருக்காது. நடுவில் வரும் மதிப்புகளை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

சேமிக்கத் தொடங்கியதும் வரும் முதல் தடங்கல், லிஸ்டை லூப்புக்கு உள்ளே உருவாக்குவது. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பிறந்து, கடைசியில் ஒரே ஒரு மதிப்போடு நிற்கும். ஒரு வரியை மேலே ஏற்றினால் சரியாகிவிடும்.

அடுத்தது கொஞ்சம் ஆழமானது. வரத்து, திறப்பு, இருப்பு மூன்றையும், ஒவ்வொரு மதிப்பையும் அதன் பெயரோடு வைக்கும் ஒரு டிக்‌ஷனரியில் போட்டு லிஸ்டில் சேர்க்கும்போது, அந்த டிக்‌ஷனரியை லூப்புக்கு வெளியே ஒருமுறை உருவாக்கி, உள்ளே மதிப்புகளை மட்டும் மாற்றுவார்கள். லிஸ்டில் பதினைந்து வரி இருக்கும். பதினைந்தும் கடைசி நாளின் கணக்காகவே இருக்கும். "சேர்க்கும்போது சரியாத்தானே சார் இருந்துச்சு?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பைத்தான் லிஸ்ட் பொருளை நகலெடுப்பதில்லை, அது இருக்கும் இடத்தைத்தான் குறித்துக்கொள்கிறது. பதினைந்து குறிப்பும் ஒரே டிக்‌ஷனரியைக் காட்டுகின்றன. அதை மாற்றினால் எல்லா வரியும் மாறத்தானே செய்யும்? எண்களில் இது தெரியாது, ஏனென்றால் புதிய இருப்பைக் கணக்கிடும்போது பழைய எண் மாறுவதில்லை, மாறியின் பெயர் வேறொரு எண்ணுக்குப் போகிறது. ஆக, லிஸ்ட் லூப்புக்கு வெளியே, டிக்‌ஷனரி உள்ளே. ஏன் அப்படி என்பதைத் தன் வாயால் சொல்லும்வரை அடுத்த பாடத்துக்குப் போக விடமாட்டேன்.

வேகத்தைப் பற்றி ஆரம்பத்தில் கவலைப்பட வேண்டாம். லிஸ்ட் கூடுதல் இடத்தை முன்கூட்டியே பிடித்து வைப்பதால் அப்பெண்ட் மலிவான வேலை. பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தின் அட்டவணையில் வரிவரியாகச் சேர்ப்பதுதான் செலவு. ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையும் நகலாகும். 2023இல் வந்த பாண்டாஸ் 2.0 பதிப்பில் அட்டவணையின் அந்த அப்பெண்டையே எடுத்துவிட்டார்கள். லிஸ்டில் சேர்த்து, கடைசியில் ஒரே முறை அட்டவணையாக்கினால் போதும்.

அப்புறம் தேதி. லிஸ்டின் முதல் இடம் அணை திறந்த நாள் என்று வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவார்கள். வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. முதலாவதில் குறுவைக்கு நேரம் தாராளமாக இருந்தது, இரண்டாவதில் குறுவைப் பட்டமே தாண்டியிருந்தது. இரண்டின் பத்தாவது இடத்தையும் ஒரே நாள்போல எடுத்துக்கொண்டால் ஒப்பீடே பொய். நடுவில் ஒரு நாள் அளவு கிடைக்காமல் அதை விட்டுவிட்டால், அதற்குப் பிறகு வரும் எல்லா நாளும் ஒரு இடம் முன்னே நகர்ந்துவிடும். அதனால் வெறும் எண்ணைப் போடாமல், தேதியும் இருப்புமாகச் சேர்த்தே அப்பெண்ட் செய்யச் சொல்கிறேன். அளவு கிடைக்காத நாளுக்கும் ஒரு வரி உண்டு. அதில் இருப்புக்குப் பூஜ்ஜியம் போடக் கூடாது, None (மதிப்பு இல்லை) என்றே போட வேண்டும். பூஜ்ஜியம் என்றால் அணை வறண்டது என்று ஆகிவிடும்.