2 லட்சம் ஓடிய டீசல் கார்: மீட்டரைப் பார்க்கும் முன் எங்கே ஓடியது என்று கேளுங்கள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பழைய டீசல் கார் பார்க்கப் போகிறவர்கள் கதவைத் திறந்ததும் மீட்டரைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். 80,000 என்றால் பேச்சு தொடர்கிறது, 2,10,000 என்றால் அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் இன்ஜின் எத்தனை மணி நேரம் சுற்றியது என்பதுதான் தேய்மானத்தைச் சொல்லும் கணக்கு. மதுரைக்கும் திருச்சிக்கும் நான்குவழிச் சாலையில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டி 2 லட்சத்தைத் தொட சுமார் 3,300 மணி நேரம் ஆகும். வடசேரி, செட்டிகுளம், கோட்டார் என்று ஊருக்குள்ளேயே 20 கிலோமீட்டர் சராசரியில் சுற்றிய வண்டிக்கு 80,000 கிலோமீட்டரே 4,000 மணி நேரம். பின்னதில் கிளட்ச் தேய்ந்திருக்கும், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்கும், இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவின் இலைகள் இறுகியிருக்கும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத் தினமும் திருவனந்தபுரம் போய்வந்த வண்டியையும் நெடுஞ்சாலை வண்டி என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பாதையில் பாதி நேரம் முதல், இரண்டாம் கியர்தான்.

மீட்டரைத் திருப்புவது இப்போது லேப்டாப் வேலை. அதனால் சேஸிஸ் எண்ணை வைத்து அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். 2016 மாடல், 38,000 கிலோமீட்டர், ஆனால் நான்கு டயரும் 2023-ல் செய்தவை என்றால் மீட்டர் காட்டுவதைவிட அதிகம் ஓடியிருக்கலாம், காரணம் கேட்க வேண்டும். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் பளபளப்பு, டிரைவர் சீட்டின் கதவோரப் பக்கம் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால், உங்களுக்கு டீசல் தேவையா என்று பாருங்கள். ஒரு உதாரணக் கணக்கு: டீசல் 93 ரூபாய், லிட்டருக்கு 18 கிலோமீட்டர். பெட்ரோல் 102 ரூபாய், லிட்டருக்கு 14 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் சொச்சம் மிச்சம். மாதம் 500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு வருடம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்தான் கிடைக்கும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று போனால் அந்தப் பணம் காணாமல் போய்விடும். மாதம் 1,500-க்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கே பழைய டீசல் சரிவரும் என்பது என் கருத்து. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை அளவுக்கான புது விதி) டீசல் கார் என்றால் இன்னும் கவனம் தேவை. அதில் உள்ள டிபிஎஃப், அதாவது புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், தன் கரியை எரிக்க அவ்வப்போது நல்ல வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்வரும் ஓட்டத்தில் அந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோகும். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எந்த இன்ஜின் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா குவாட்ராஜெட் ஆகியவற்றில் உள்ள 1.3 மல்டிஜெட்டுக்கு, வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட்டுவது டைமிங் செயின். நீண்டுபோனால் குளிர்ந்த இன்ஜினை எழுப்பும்போது சில நொடி சங்கிலிச் சத்தம் கேட்கும். எட்டியோஸ் டீசலுக்கும் ஐ20, வெர்னா சிஆர்டிஐக்கும் செயின்தான். பழைய இன்னோவாவின் 2.5, டஸ்டரின் 1.5 டிசிஐ, ஃபோர்டின் 1.4, 1.5 டிடிசிஐ, ஃபோக்ஸ்வேகன் டிடிஐ இவற்றுக்கெல்லாம் டைமிங் பெல்ட். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து விலை கேட்டு, அதை வண்டி விலையில் கழியுங்கள்.

வண்டியைக் காலையில் பாருங்கள். "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொடுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். நம் ஊர்க் குளிருக்கு, ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் பலவீனமாக இருந்தால்கூட டீசல் இரண்டு நொடியில் பிடித்துவிடும். அதனால் இங்கே ஒரு வண்டி நீண்ட நேரம் சுற்றிப் பிடித்தால் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. டீசல் லைனில் காற்று நுழைகிறது, இன்ஜெக்டர் மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டனில் ஒழுகுகிறது, இல்லையென்றால் கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது. முதல் நொடியில் வந்து அடங்கும் புகை பரவாயில்லை. நீல நிறம் தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக, கண்ணைக் கரிக்கும் டீசல் வாடையோடு வந்தால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது.

ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அதே துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி. துள்ளிக் கீழே விழுந்து, துளையிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங் வேலை. அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆயில் கறுப்பாக இருப்பதை ஒரு குறையாகப் பேசாதீர்கள், டீசலில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பால் காப்பி நிறமாக இருந்தால் மட்டும் பயப்பட வேண்டும். ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், சூடேறும் முன்பே, ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. கூலண்ட் டப்பாவில் துருக் கலங்கிய செந்நிறத் தண்ணீர் இருந்தால் கிணற்று நீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். கடலோரக் கிணற்று நீரின் உப்பு ரேடியேட்டரையும் ஹெட்டையும் உள்ளிருந்து தின்றுவிடும்.

கொஞ்சம் செலவானாலும் இரண்டு சோதனைகளைத் தவறவிடாதீர்கள். ஒன்று, இன்ஜெக்டர் ரிட்டன் சோதனை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டன் குழாயையும் கழற்றி, ஒரே அளவுள்ள நான்கு சிறு பாட்டில்களில் விட்டு, சில நிமிடம் ஐட்லிங்கில் ஓட விட வேண்டும். நான்கிலும் ஏறக்குறைய ஒரே மட்டம் இருந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு நின்றால் அந்த இன்ஜெக்டர் முடிந்தது. புது இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் உள்ள குறியீட்டு எண்ணை இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூவில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்ட வண்டி நடுங்கிக்கொண்டே ஓடும். இரண்டாவது, டீசல் ஃபில்டரைக் கழற்றி உள்ளே இருப்பதை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்ப்பது. தண்ணீர் இருந்தால் எச்சரிக்கை. வெள்ளிப் பொடி மினுங்கினால் ஹை பிரஷர் பம்ப் தேய்ந்து உதிர்கிறது. மண்ணெண்ணெய் கலந்த டீசலில் வழவழப்பு குறைவு என்பதால் இப்படி நடக்கும். அந்தப் பொடி ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாய்), இன்ஜெக்டர், டேங்க் எல்லாவற்றுக்கும் போயிருக்கும். அந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். கையில் ஸ்கேனர் உள்ள மெக்கானிக் கூட வந்தால், ஐட்லிங் ரெயில் பிரஷர் 250, 300 பார் அளவில் ஆடாமல் நிற்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

ஓட்டிப் பார்க்க ஆரல்வாய்மொழிப் பக்கம் நான்குவழிச் சாலைக்குப் போங்கள். நான்காம் கியரில், 45 வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. 1,800, 2,000 சுற்றில் டர்போ தள்ளுவது முதுகில் தெரிய வேண்டும். 3,000 சுற்றில் திடீரென்று இழுவை செத்து, சாவியை அணைத்துப் போட்டதும் சரியானால், டர்போ இலைகள் கரியில் சிக்கியிருக்கின்றன. பிறகு குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்க மேடு பள்ளத்தில் ஏசியைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டி வெப்பமானியைக் கவனியுங்கள். ரப்பர் தோட்டச் சாலைகளில் வளர்ந்த வண்டி என்றால் சஸ்பென்ஷன் பாகங்களான லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் சத்தம் போடும். அவை சில ஆயிரத்தில் முடியும் வேலை. இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் சம்ப்பில் கல் இடித்த பள்ளம் இருக்கிறதா என்று மட்டும் குனிந்து பாருங்கள்.

குனிந்தது குனிந்தபடி துருவையும் பார்த்துவிடுங்கள். நம் குமரி மாவட்டத்தில் இன்ஜினைவிட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் போன்ற கரையோர ஊர்களில் இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியின் மேல்பக்கம் மெழுகு போட்டு மின்னும், அடிப்பக்கம் செதில் செதிலாக உரியும். ஆர்சியில் உள்ள முகவரியே முதல் தடயம். லிஃப்டில் ஏற்றி சப்ஃபிரேம், பின் ஆக்ஸில், கதவுக்குக் கீழுள்ள ரன்னிங் போர்டு, பிரேக் பைப், டேங்க்கைத் தாங்கும் பட்டை, பேட்டரித் தட்டு ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், உளுத்தது மந்தமாகக் கேட்கும். அடியில் கறுப்புக் கோட்டிங் புத்தம் புதிதாக இருந்தால் விற்பதற்காகப் பூசியிருக்க வாய்ப்பு அதிகம், அங்கேதான் அழுத்தித் தட்ட வேண்டும். மீன் பெட்டி ஏற்றிய வண்டியில் டிக்கி கார்பெட்டுக்கு அடியில், ஸ்டெப்னி குழியில் உப்புநீர் இறங்கியிருக்கும். வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கும் வண்டியில் அந்தக் கார்பெட்டைத் தூக்காமல் விடாதீர்கள். பட்டி போட்ட இடத்தில் காந்தம் ஒட்டாது. ஏசி கண்டன்சரின் தகடுகள் விரல் பட்டால் உதிர்ந்தால் அதுவும் உப்பின் வேலை.

வெள்ளத்தில் நின்ற வண்டி இன்னொரு கவலை. 2018 கேரள வெள்ளம், 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி வெள்ளம் இரண்டும் நமக்குப் பக்கத்தில் நடந்தவை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே தங்கியிருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த முனைகள் இருந்தால் விலகிவிடுங்கள். தண்ணீரை உறிஞ்சிய டீசல் இன்ஜினில் கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருக்கும். ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டும்.

அடுத்து காகிதங்கள். கேரளப் பதிவில் உள்ள பாறசாலையின் கேஎல் 19, நெய்யாற்றின்கரையின் கேஎல் 20 வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து ஃபார்ம் 28 என்ஓசி (ஆட்சேபணை இல்லைச் சான்று) வாங்கி, இங்கே டிஎன் 74 அல்லது டிஎன் 75-க்கு மாற்றி, தமிழ்நாட்டு சாலை வரியையும் கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் கேரள எண்ணிலேயே இங்கே வைத்திருக்க சட்டம் இடம் தராது. வரி எவ்வளவு என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டறிந்து விலையோடு கூட்டிய பிறகே மலிவா என்று முடிவு செய்யுங்கள். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு விதித்த தடையால் ஒதுக்கப்பட்ட கார்களுக்கும் இதே கணக்கு. அரசின் எம்பரிவாகன் செயலியில் கடன் இருக்கிறதா, முன்பு டாக்ஸியாக இருந்ததா, சலான் பாக்கி உண்டா என்று பார்த்து, ஃபார்ம் 29, 30 கையெழுத்தோடு, கடன் இருந்தால் வங்கியின் ஃபார்ம் 35-ஐயும் வாங்குங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

வாங்கிய வாரமே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் மாற்றுங்கள். முதல் ஆயிலை 10,000 வரை விடாமல் 3,000 கிலோமீட்டரில் மறுபடி மாற்றினால் உள்ளே தங்கிய கசடு இறங்கிவிடும். பெல்ட் வண்டி என்றால், பெல்ட் மாற்றும் வரை வெளியூர்ப் பயணம் வேண்டாம். கடற்கரைப் பக்கம் வசிப்பவர்கள் அடிப்பக்கத்தை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காய விடுங்கள்.