4கே மானிட்டரில் 60 ஹெர்ட்ஸ் வரவழைத்த கதை

தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் தொழில். 14 அங்குல லேப்டாப் திரையில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று பார்க்கவே பக்கத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் கண் எரியத் தொடங்கிவிடும். அதற்காகத்தான் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன்.

பெட்டியோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் படம் வந்துவிட்டது. ‘ண’வின் சுழிகள் தனித்தனியாகத் தெரிந்தன, அவ்வளவு தெளிவு. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டுவிட்டுத் தாவியது. பக்கத்தை உருட்டினால் வரிகள் இழுபட்டுக்கொண்டு வந்தன. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய்ப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 30 தடவைதான் படத்தைப் புதுப்பிக்கிறது. 60க்கு மாற்றலாம் என்றால் பட்டியலிலேயே 60 இல்லை. ரெசல்யூஷனை 1920×1080க்கு இறக்கினால் 60 வந்தது. மறுபடி 4கேவுக்கு ஏற்றினால் 30தான்.

இது நல்ல தடயம். மானிட்டரில் பழுதில்லை, வழியில் எங்கோ தகவல் போகும் அளவு போதவில்லை என்று அர்த்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4கே, அதாவது 3840×2160 என்றால் ஏறக்குறைய 83 லட்சம் திரைப் புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 தடவை. படத்துக்கு மட்டுமே நொடிக்குக் கிட்டத்தட்ட 12 ஜிகாபிட் போயாக வேண்டும்.

கடையில் கேட்டதற்கு, கேபிளை மாற்றுங்கள் என்றார்கள். மாற்றியும் அதே 30. பிறகு லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் என் மாடலின் விவரப் பட்டியலைத் தேடி எடுத்தேன். எச்டிஎம்ஐ 1.4 என்று போட்டிருந்தது. அதன் மொத்த வேகமே 10.2 ஜிகாபிட், அதிலும் படத்துக்குக் கிடைப்பது சுமார் 8. எந்தக் கேபிளைப் போட்டாலும் அந்தப் போர்ட்டில் 4கே முழு நிறத்தோடு 60இல் வரவே வராது. 18 ஜிகாபிட் தாங்கும் எச்டிஎம்ஐ 2.0 வந்தது 2013இல். என் லேப்டாப் 2021 மாடல். பெட்டியின் மேல் ‘எச்டிஎம்ஐ’ என்று மட்டும் அச்சடித்து, எந்தப் பதிப்பு என்பதை விட்டுவிடுவது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

மிச்சமிருந்தது டைப்-சி போர்ட். எல்லா டைப்-சியும் படம் அனுப்பாது. சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான். போர்ட்டின் பக்கத்தில், எச்டிஎம்ஐ போலவே படம் அனுப்பும் இன்னொரு இணைப்பான டிஸ்ப்ளே போர்ட்டைக் குறிக்கும் ‘டி’ போன்ற சின்னமோ, தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பின் மின்னல் குறியோ இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். என்னுடையதில் ‘டி’ சின்னம் இருந்தது.

நண்பர் ஒருவர் தன் டைப்-சி ஹப்பைக் கொடுத்தார், ஒரே டைப்-சியைப் பல போர்ட்டுகளாகப் பிரித்துத் தரும் சின்னப் பெட்டி அது. செருகினேன், திரும்பவும் 30! காரணத்தைத் தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. டைப்-சியில் அதிவேகத் தடங்கள் நான்கு. ஹப்பில் யுஎஸ்பி 3 போர்ட்டுகளும் இருப்பதால் இரண்டு தடம் அவற்றுக்குப் போய்விடும், படத்துக்கு மிஞ்சுவது இரண்டு. டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேகத்தில் அந்த இரண்டும் சேர்ந்து 8.64 ஜிகாபிட்தான். டிஸ்ப்ளே போர்ட் 1.4 தரத்து ஹப் என்றால் அதே இரண்டு தடத்தில் 60 கிடைக்கும். ஆனால் லேப்டாப்பும் 1.4 ஆக இருக்க வேண்டும்.

எனக்கு ஹப் தேவையில்லை. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், ஒரு முனை டைப்-சி, மறுமுனை டிஸ்ப்ளே போர்ட் உள்ள நேரடிக் கேபிள் கேட்டேன். “4கே வருமாண்ணே?” என்று கேட்டால் எல்லாக் கடையிலும் “வரும் சார்” என்பார்கள், 30இல் வந்தாலும் 4கேதானே. “4கே, 60 ஹெர்ட்ஸ்” என்று கேட்டு, உறையில் அந்த 60ஐக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். சார்ஜிங் கேபிளைக் கொடுத்து இதுவும் டைப்-சிதான் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவற்றில் படத்துக்கான தடங்களே இருக்காது. டிஸ்ப்ளே போர்ட்–எச்டிஎம்ஐ கேபிளும் சாதாரணமாக ஒருவழிதான்: லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்கு அதை வைத்து இழுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். மானிட்டரின் மெனுவில் டிஸ்ப்ளே போர்ட் 1.1 என்று வைத்திருந்ததை 1.2 ஆக்கியதும் பட்டியலில் 60 வந்து நின்றது. அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்தது எழுத்தின் அளவு. 100 சதவீதத்தில் மெனுவெல்லாம் எறும்பு சைஸில் இருந்ததால் ஸ்கேலை 150 ஆக்கினேன். பழைய எழுத்துரு மாற்றி மென்பொருள் ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதன் ஐகானில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ போய், ஸ்கேலிங் பொறுப்பை ‘அப்ளிகேஷன்’ என்று மாற்றியதும் எழுத்து தெளிந்தது. ஆனால் அதன் பட்டன்கள் சிறுத்துவிட்டன. எனக்கு அது போதும், அதில் நான் அழுத்துவது ஒரே பட்டன்தான்.