என்ன கொட்டுச்சு, என்னத்தப் போட்டீக?

துணி சீட்டில் எண்ணெய்க் கறையோடு கார் வந்தால் நான் முதலில் பிரஷ்ஷை எடுப்பதில்லை. இரண்டு கேள்வி கேட்பேன். என்ன கொட்டுச்சு? அதுக்கு மேல என்னத்தப் போட்டுத் தேய்ச்சீக? முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதற்குத்தான் தயங்குவார்கள். "ஒண்ணுமே போடலண்ணே, அப்படியே கொண்டாந்துட்டேன்" என்பார் டாக்ஸி ஓட்டுகிற தம்பி. குனிந்து மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை அடிக்கும்.

மதுரை பைபாஸ் ரோடு பக்கம் ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் உள்வேலை பார்க்கிறேன். பாடி கழுவுவதற்குக் கேள்வி எதுவும் தேவையில்லை. சீட் வேலை முழுக்கக் கேள்வியில்தான் இருக்கிறது. பெரும்பாலான காரில் சீட் துணி பாலியெஸ்டர். அந்த இழை தண்ணீரை ஒட்டவிடாது. எண்ணெயை இழுத்து வைத்துக்கொள்ளும். வெறும் ஈரத்துணியால் தேய்த்தால் கறை அகலமாகுமே தவிர எண்ணெய் கிளம்பாது.

எண்ணெய் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. அழகர்கோயில் தோசைப் பொட்டலத்திலிருந்து கசிந்தது நெய். ஏ.சி. குளிரில் அது உறைந்திருக்கும்போதே ஸ்பூன் முனையால் வழித்தெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நல்லெண்ணெய் அப்படியில்லை. நாள்பட்டால் காற்றுபட்டுப் பிசுபிசுவென்று பிசின்போல இறுகிவிடும். அன்றைக்கே வந்தால் சோப்புத் தண்ணீரில் போகிறது, மாதம் கழித்து வந்தால் எண்ணெயைக் கரைக்கிற ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கேட்கும். அதனால் "எப்ப கொட்டுச்சு?" என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வேன்.

எனக்கு அதிகம் வருவது குழம்புக் கறை. பாண்டி கோயிலில் கிடா வெட்டிப் பொங்கி, மிச்சக் குழம்பைக் குண்டானோடு பின்சீட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். ரிங் ரோட்டில் ஒரு திருப்பம் போதும். அதில் எண்ணெய் மட்டும் இல்லை, மஞ்சளும் இருக்கிறது. வீட்டில் அக்காமார்கள் பதறிப்போய் சோடா உப்பையோ துணி சோப்பையோ போட்டுத் தேய்த்துவிடுவார்கள். மஞ்சள் கறை செக்கச்செவேலென்று ஆகிவிடும். துணியே வெந்துபோய்விட்டது என்று கலங்கி வருகிறவர்களிடம், ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதேதான் இது என்று சொல்வேன். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். வெள்ளை வினிகரில் தண்ணீர் கலந்து ஒற்றினால் பழையபடி மஞ்சளாகும். ஆனால் அந்த மஞ்சள் சோப்பில் முழுசாகப் போகாது. முதலில் எண்ணெயை எடுத்துவிட்டு, சீட்டைக் கழற்றி வெயிலில் வைக்க வேண்டும். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது. சித்திரை வெயிலைத் திட்டாதவர் மதுரையில் கிடையாது, எனக்கு அது கூட வேலை பார்க்கிற ஆள்.

பெட்ரோல் விஷயத்தில் மட்டும் நான் கோபப்படுவதுண்டு. கிரீஸ் போகும் என்பது நிஜம். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் காலடியிலேயே தங்கி நிற்கும். ஒரு பொறி போதும். அதோடு துணிக்கு அடியில் இருக்கிற ஒட்டுப் பசையும் இளகிவிடும். ஆல்கஹாலும் தீப்பிடிக்கக்கூடியதுதான். அதனால் நாலு கதவையும் திறந்துவைத்து, பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்காமல் பார்த்துக்கொண்டுதான் தொடுவேன். அதையும் முதலில் சீட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு விட்டு, சாயம் போகிறதா என்று பார்த்த பிறகுதான்.

ஒர்க்‌ஷாப் கிரீஸ், சீட் தள்ளுகிற ரெயிலில் இருந்து படுகிற கிரீஸ் எல்லாம் கெட்டியானவை. பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டி எடுத்துவிட்டு, கார்ன்ஃப்ளார் மாவைக் கொட்டி எண்ணெயை உறிஞ்சவிட்டு, வேக்குவத்தில் இழுத்த பிறகுதான் திரவம் எதையும் விடுவேன். கறையின் ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து வெள்ளைத் துணியால் ஒற்ற வேண்டும். வெள்ளைத் துணியில்தான் கறை இடம் மாறுவது தெரியும்.

இனி நான் அதிகம் பேச வேண்டியிருக்கிற இடம். சுத்தம் செய்து அனுப்பிய சீட்டில் மறுநாள் அதே கறை தெரிகிறது என்று சண்டைக்கு வருவார்கள். ஏமாற்றிவிட்டோம் என்றே நினைப்பார்கள். துணிக்குக் கீழே ஃபோம் இருக்கிறது. எண்ணெய் அதற்குள் இறங்கியிருந்தால், ஈரம் காயக் காய அதோடு சேர்ந்து மேலே ஏறி வரும். இரண்டாம் முறை, சில சமயம் மூன்றாம் முறையும் எடுக்க வேண்டியிருக்கும். அதற்காகத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றவும் முடியாது. சீட்டுக்கு அடியில் ஒயர் ஓடுகிறது, சில கார்களில் சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது. ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை வாடை வேறு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் சில சொட்டு போதும். நுரை நிறையப் போட்டு அலசாமல் விட்டால் அந்த சோப்பே தூசியை இழுக்கும். இதையெல்லாம் வேலைக்கு முன்னாலேயே வண்டிக்காரரிடம் சொல்லிவிடுவேன். முன்னால் சொன்னால் விளக்கம், பின்னால் சொன்னால் சாக்கு என்றுதான் கேட்கிறவருக்குப் படும்.

கூரைத் துணியில் கறை என்றால் மிகக் கொஞ்சமாகத்தான் தொடுவேன். அது பசையில் ஒட்டி நிற்கிறது, நனைந்தால் தொங்கிவிடும். கறை கொஞ்சம் மிஞ்சினாலும் பரவாயில்லை என்று சம்மதம் வாங்கிக்கொள்வேன்.

டாக்ஸி ஹெட்ரெஸ்ட்டுகளின் கறுப்பு இன்னொரு வகை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேலே இளகிவிடும், நம் ஊரில் வருடத்தில் பெரும்பாலான நாள் அது இளகித்தான் கிடக்கிறது. அதோடு வியர்வையும் புழுதியும் ஏறி வருடக்கணக்கில் ஊறியிருக்கும். ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றித் தனியாகச் செய்வேன். முக்கால்வாசி போகும், ஒரு நிழல் நிற்கும். அதை மறைக்காமல் சொல்லி, வாரம் ஒருதரம் துவைக்கிற மாதிரி பருத்தி உறை மாட்டிக்கொள்ளச் சொல்கிறேன். "அப்ப புது உறையே தச்சுப் போட்டுருங்கண்ணே" என்கிற டிரைவர்களுக்குத் தெரிந்த டெய்லரின் நம்பரைக் கொடுத்துவிடுவேன்.