டிகேஏ ஆய்வுக்கு எத்திக்ஸ் அப்ரூவல் வாங்குறதுக்குள்ள…

அப்ரூவல் லெட்டர் ஒரு வழியா கைக்கு வந்துடுச்சு. ஆனா நான் கேட்டது ஒண்ணு, கெடைச்சது ஒண்ணு. கேஎல்ல (கோலாலம்பூர்) பீடியாட்ரிக்ஸ் மாஸ்டர்ஸ் பண்ற நம்ம ஆளுங்க யாராச்சும் டிகேஏல (சக்கரை நோயில இன்சுலின் பத்தாம ரத்தத்துல அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகுற நிலை) தீசிஸ் எடுக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தா, இதைப் படிச்சுட்டு எறங்குங்க.

நான் ஆசப்பட்டது மருந்து ட்ரையல். டிகேஏல வர்ற புள்ளைங்கள்ல மூளை வீக்கம் வர்றது நூத்துல ஒண்ணுக்கும் கம்மிதான், ஆனா அப்படி வந்த அஞ்சு பேர்ல ஒரு புள்ளைய நாம காப்பாத்த முடியிறதில்ல. ட்ரிப் வேகமா ஓட்டினதுதான் காரணம்னு ரொம்ப வருசமா பழி போட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அமெரிக்காவுல 13 ஆஸ்பத்திரி சேந்து 1,389 டிகேஏ கேஸ்ல பாத்து, வேகமா ஓட்டினாலும் மெதுவா ஓட்டினாலும் மூளைக்கு பெருசா வித்தியாசம் இல்லன்னு 2018ல சொல்லிட்டாங்க. அப்போ இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சி பக்கம் பாக்கலாமேன்னு தோணுச்சு, டிகேஏல இன்டர்லூக்கின் 6ங்கிற அழற்சி மார்க்கர் ஏறுறது தெரிஞ்ச விசயம்தான், எலிக்கு டிகேஏ வர வெச்சு மினோசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் குடுத்துப் பாத்த வேலையும் இருக்கு. படிச்ச வேகத்துல நம்ம வார்டுலயே பண்ணிடலாம்னு ப்ரபோசல் எழுதிட்டேன்.

சூப்பர்வைசர் படிச்சுட்டு கேட்டது ஒரே கேள்வி, "எந்த மருந்தும்மா குடுக்கப் போற?" ஸ்டீராய்டுன்னா சுகரை ஏத்திவிடும், நாம எறக்கப் போராடிக்கிட்டு இருக்கும்போது. புரூஃபென் மாதிரி மருந்துன்னா கிட்னி, தண்ணி வத்திப்போய் வர்ற புள்ளைக்கு கிட்னி ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும். மினோசைக்ளின்னா எட்டு வயசுக்குக் கீழ குடுத்தா பல்லுல கறை. இதெல்லாம் தாண்டினாலும், நூத்துக்கு ஒண்ணு கூட வராத ஒரு விசயத்த மருந்து தடுத்துச்சுன்னு காட்ட ஆயிரக்கணக்குல புள்ளைங்க வேணும், ஒரு ஆஸ்பத்திரி வார்டுல மாஸ்டர்ஸ் முடியிறதுக்குள்ள எங்க போறது? அதுவும் இல்லாம, கடையில கெடைக்கிற மருந்தா இருந்தாலும் லேபிள்ல இல்லாத நோய்க்கு சோதிக்கணும்னா தனியா லைசன்ஸ் வாங்கணும், புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா இன்சூரன்ஸ் யாரு கட்டுறதுன்னு எழுதிக் காட்டணும். சரின்னு மருந்தைத் தூக்கிட்டு, அழற்சி மார்க்கர் எப்படி ஏறி எறங்குதுன்னு ரத்தத்துல பாக்குற ஆய்வா சுருக்கிட்டேன். மனசு ஆறல, இன்னமும்.

என்எம்ஆர்ஆர் (மலேசியாவோட மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு, ஜிசிபி (ஆய்வ முறையா நடத்துற பயிற்சி) சர்டிபிகேட் எல்லாம் பிரச்சனை இல்லாம முடிஞ்சுது. கூட பேர் போடுற ஸ்பெஷலிஸ்ட்டுங்க சர்டிபிகேட்டையும் மொதல்லயே வாங்கி வெச்சுக்குங்க, லீவுல போயிட்டாங்கன்னா நீங்க அம்போதான்.

வயித்தெரிச்சல் ஆரம்பிச்சது பெத்தவங்க கையெழுத்து போடுற சம்மத ஃபார்மோட தமிழ் வெர்ஷன்ல. மலாய், இங்கிலீஷ் ஃபார்ம் போதும்னு பல பேர் விட்டுடுறாங்க, ஆனா எங்க வார்டுக்கு வர்ற தாய்மார்ல பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியில படிச்சவங்க, அவங்களுக்கு தமிழ்ல குடுக்காம எதுல குடுக்கிறது? மொழிபெயர்க்க ஆள் புடிச்சு, காசு குடுத்து, திரும்ப இன்னொருத்தர்கிட்ட இங்கிலீஷுக்கு மாத்தி சரி பாத்து, பிடிஎஃப் ஆக்கி ஏத்தினேன். கொஞ்ச நாள் கழிச்சு "படிக்க முடியவில்லை"ன்னு திரும்பி வந்துச்சு. தெறந்து பாத்தா பக்கம் முழுக்க கட்டம் கட்டமா நிக்குது, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ஃபாண்ட்டை ஃபைலுக்குள்ளயே சேத்து சேவ் பண்ணணும், இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. அத சரி பண்ணி அனுப்பினா, தமிழ் ஃபார்ம் அடியில இருக்கிற வெர்ஷன் நம்பரும் மலாய் ஃபார்ம் நம்பரும் ஒத்துப்போகலன்னு மறுபடி திரும்பி வந்துச்சு. அப்புறம் மொழிபெயர்ப்பு சர்டிபிகேட்ல சாப் (முத்திரை) இல்லையாம். இதுக்காக ஒரு நாள் லீவு போட்டு நேர்ல போய் நின்னேன், கவுண்டர்ல இருந்தவரு பேப்பரை வாங்கிக்கூட பாக்கல, "ஆன்லைன்ல போடுங்க". போன்ல கேட்டப்ப நேர்ல வாங்கன்னு சொன்னதும் அதே குரல்தான்!

ஆனா எத்திக்ஸ் கமிட்டி கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. டிகேஏல வர்ற புள்ள ராத்திரி ரெண்டு மணிக்கு வரும், எப்போ பெத்தவங்ககிட்ட சம்மதம் கேப்பீங்க? இந்த ராத்திரிய நான் நிறைய பாத்திருக்கேன். கிளினிக்ல வயித்துவலி வாந்தின்னு மருந்து குடுத்து அனுப்பியிருப்பாங்க, ரெண்டு நாள் கழிச்சு புள்ள ஆழமா மூச்சு வாங்கிக்கிட்டு, வாயில ஒரு பழ வாசனையோட, கண்ணு சொருகி வரும். நம்ம நாட்டுல டைப் 1 சக்கரை நோய் (உடம்புல இன்சுலின் சுரக்காத வகை) வந்த புள்ளைங்கள்ல பாதிக்கு மேல மொத தடவையே இப்படி டிகேஏவோடதான் வர்றாங்க, அதனால வீட்ல யாருக்கும் சக்கரைன்னே தெரியாது. மிஸ்ஸி (நர்ஸ்) ட்ரிப் போட ரெண்டாவது கையில நரம்பு தேடிக்கிட்டு இருப்பாங்க, அந்தம்மா பேனாவ தலகீழா புடிச்சுக்கிட்டு "எங்க போடணும் சொல்லுங்க டாக்டர், புள்ளைய மொதல்ல பாருங்க"ம்பாங்க. அப்படிப் போடுற கையெழுத்து செல்லும்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

அதனால இப்படி எழுதிக் குடுத்தேன்: சிகிச்சைக்கு எப்படியும் எடுக்குற ரத்தத்துல மிச்சத்த மட்டும் எடுத்து வெப்போம், தனியா ஊசி கிடையாது. புள்ள கண்ணு முழிச்சு நிதானமானப்புறம், பெத்தவங்க சாப்ட்டு உக்காந்தப்புறம் ஃபார்ம குடுத்து கேப்போம், ஏழு வயசுக்கு மேலன்னா புள்ளைகிட்டயும் தனியா கேப்போம், வேணாம்னா ட்யூபை கொட்டிடுவோம், டேட்டா எதையும் வெச்சுக்க மாட்டோம். படிக்கத் தெரியாதவங்களுக்கு ஆய்வுல சம்மந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருப்பாங்க. இதுக்கும் மூணு பக்கம் கேள்வி வந்துச்சு, பதில் எழுதினேன், ஒத்துக்கிட்டாங்க. எனக்கு இதுல சந்தோசம் குடுத்தது இது ஒண்ணுதான். மருந்து ட்ரையல்ல இந்த வழி அவ்வளவு சுலபமா எடுபடாது, மருந்தக் குடுத்துட்டு அப்புறமா வந்து கேக்க முடியுமா.

இன்னொரு எச்சரிக்கை, லேப்புல மொதல்லயே பேசி வைங்க. சைட்டோகைன் (இன்டர்லூக்கின் மாதிரி அழற்சி மார்க்கர்) பாக்குற ரத்தம் ரூம்ல கெடந்தா ரிசல்ட்ட நம்ப முடியாது, சீக்கிரம் மெஷின்ல சுத்திப் பிரிச்சு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குள்ள போகணும். எங்க இடத்துல ஆபிஸ் டைம் முடிஞ்சா ஃப்ரீசர் ரூம பூட்டிடுவாங்க, சாவி யார்கிட்டன்னு கேட்டா ஒருத்தர் இன்னொருத்தர கைய காட்டுவாங்க. கடைசியில ஒரு லேப் அண்ணன்தான் ஸ்பேர் சாவிக்கு கையெழுத்து போட்டு வாங்கிக் குடுத்தாரு. அவருக்கு ஒரு நாசி கண்டார் (நம்ம ஊரு சோறு-கறி) சாப்பாடு கடன்.

மொழிபெயர்ப்புக்கு குடுத்த காச கிளேம் பண்ணியிருக்கேன், இன்னும் வரல.