கார்ட்டூனுக்கு முன்னால் வரும் பேய்

சிறு குழந்தைக்கு டிவியில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதில் பெற்றோர் பெரும்பாலும் கவனமாகவே இருக்கிறார்கள். எந்தக் கார்ட்டூன், எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம் என்று பார்த்துப் பார்த்துத்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆனால் குழந்தையை நடுங்க வைப்பது பல நேரங்களில் அவர்கள் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சி அன்று. அது தொடங்குவதற்கு முன்னால், யாரும் கேட்காமலே ஓடும் பேய்ப்பட விளம்பரம்தான்.

என் மகளுக்கு நான்கு வயது. ரிமோட்டை வைத்துக்கொண்டு நான் கார்ட்டூனைத் தேடிக்கொண்டிருந்த சில நொடிகளில், முகப்புத் திரையின் மேல்பாதியில் ஒரு பேய்ப்பட முன்னோட்டம் (டிரெய்லர்) தானாக ஓடத் தொடங்கியது. இருட்டு அறை, கட்டிலுக்கு அடியிலிருந்து நீளும் ஒரு கை, கருவிழி இல்லாத வெள்ளைக் கண்கள், காதைக் கிழிக்கும் ஓர் அலறல். அவள் அழவில்லை. கையிலிருந்த இட்லித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, பாட்டியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதன் பிறகு பல இரவுகள், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினால்தான் படுத்தாள்; பாத்ரூமுக்குத் தனியாகப் போக மறுத்தாள்.

‘அது நிஜம் இல்லை கண்ணு, வெறும் மேக்கப்’ என்று நாம் சொல்லும் சமாதானம் இந்த வயதில் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு விளக்கம் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் கேன்டர் என்ற ஆய்வாளர் திரைக்காட்சிகளால் குழந்தைகளுக்கு ஏற்படும் அச்சத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒரு நல்ல மனிதன் பச்சை நிற ராட்சத உருவமாக மாறும் ‘ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரை வைத்து 1980களில் அவரும் அவருடைய சக ஆய்வாளரும் செய்த ஆய்வில், அந்த நல்ல மனிதன் பிறரைக் காப்பாற்றத்தான் உருமாறுகிறான் என்பது ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் புரிந்தது. பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கோ அந்தப் பச்சை உருவமே பயத்தைத் தந்தது. சிறு குழந்தை தோற்றத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறது என்பதால், காரணம் சொல்லிப் புரியவைப்பதைவிட மடியில் வைத்துக்கொள்வதும், குடிக்க ஏதாவது கொடுப்பதும், பிடித்த பொம்மையைக் கையில் தருவதும்தான் அதற்கு உதவுகின்றன.

முன்னோட்டத்துக்கென்று இன்னொரு கெட்ட குணமும் உண்டு என்பது என் எண்ணம். பாட்டி சொல்லும் பேய்க்கதையில் கடைசியில் யாராவது பேயை விரட்டிவிடுவார்கள். கேட்ட குழந்தையும் மூச்சு விட்டுக்கொள்ளும். முப்பது நொடி விளம்பரமோ இரண்டு மணி நேரப் படத்தின் திடுக்கிடல்களை எல்லாம் சேர்த்துக் கொட்டிவிட்டு, உச்சத்தில் அறுந்துபோகிறது. பேய் என்ன ஆனது என்ற கேள்வியோடு குழந்தை தனியாக நிற்கிறது.

இது ஒரு வீட்டுக் குறை மட்டும் அன்று. 2018இல் யூடியூபில் வந்த ஒரு பேய்ப்பட விளம்பரம், ஒலியளவைக் குறைக்கும் குறியீட்டைத் திரையில் காட்டிப் பார்ப்பவரை ஏமாற்றி, மறுநொடியே கோர முகத்தோடு அலறியது. எதிர்ப்பு எழுந்ததும் யூடியூப் அதை நீக்கியது. அதே ஆண்டில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், லெகோ பொம்மை வீடியோவுக்கும் கார்ட்டூனுக்கும் முன்னால் ஓடிய இன்னொரு பேய்ப்பட விளம்பரத்தின் மீது பெற்றோர் அளித்த புகாரை ஏற்றுக்கொண்டது.

நம் வீட்டில் செய்யக்கூடியவற்றில் முதல் வேலை, முகப்புத் திரையின் வாயை அடைப்பது. அமேசானின் ஃபயர் டிவியில் செட்டிங்ஸுக்குள் பிரிஃபரன்சஸ், அதற்குள் ஃபீச்சர்டு கன்டென்ட் என்று போனால், வீடியோவும் ஆடியோவும் தானாக ஓடுவதற்கான இரண்டு அனுமதிகள் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகும் விளம்பரப் படம் அசையாமல் நிற்கும் என்றாலும் அலறல் இருக்காது. கூகுள் டிவியில் குழந்தைக்கெனத் தனி ப்ரொஃபைல் உருவாக்கி, நாம் அனுமதித்த செயலிகள் மட்டும் தெரியும்படி வைக்கலாம். அந்த ப்ரொஃபைலிலிருந்து வெளியே வர ரகசிய எண் (PIN) கேட்கும்படியும் செய்யலாம். நெட்ஃபிளிக்ஸில் முன்னோட்டம் தானாக ஓடுவதை நிறுத்தும் வசதி 2020 முதல் இருக்கிறது. அதைப் பிரௌசர் வழியாகக் கணக்கைத் திறந்து, ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனியாக மாற்ற வேண்டும் என்பதால், டிவியில் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

யூடியூப்தான் கடினமானது. குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில், பார்ப்பவரின் விருப்பத்தைக் கண்காணித்துக் காட்டும் விளம்பரங்களை அது 2020 ஜனவரியிலிருந்து நிறுத்திவிட்டது. ஆனால் நம் பிள்ளைகள் பார்ப்பது அந்த வகை வீடியோக்களை மட்டுமா? சினிமாப் பாட்டும் வடிவேலு காமெடியும் அப்பாவின் கணக்கில்தான் ஓடுகின்றன. அங்கே வரும் விளம்பரமும் அப்பாவுக்கானதே. கூகுள் கணக்கின் விளம்பர அமைப்பில் மது, சூதாட்டம், டேட்டிங், எடைக்குறைப்பு போன்றவற்றைக் குறைக்கச் சொல்லலாம். அச்சமூட்டும் படங்களுக்கு அப்படி ஒரு பிரிவு வைக்கப்படவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வீட்டு இணையத்திலேயே விளம்பரங்கள் வரும் இணைய முகவரிகளைத் தடுக்கும் வழி சாதனங்களின் முகப்பு விளம்பரங்களுக்கு ஓரளவு பயன்படும். யூடியூப் தன் வீடியோவையும் விளம்பரத்தையும் ஒரே இடத்திலிருந்து அனுப்புவதால் அங்கே அது பலிக்காது. ஆகவே சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்கான யூடியூப் கிட்ஸை மட்டும் வைத்துவிட்டு, பொது யூடியூபைப் பெரியவர்களின் போனோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பேன். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிக்கும் இதைச் சொல்லி, ரிமோட்டில் எந்தப் பட்டனை அழுத்தினால் ஒலி நின்றுவிடும் என்றும் காட்டி வைக்க வேண்டும்.

இவ்வளவையும் பெற்றோர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி தளங்களின் படங்களையும் தொடர்களையும் வயதுவாரியாகப் பிரித்து, 13 வயதுக்கு மேற்பட்டோருக்கானவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வேண்டும் என்கின்றன. ஆனால் ஒரு செயலிக்குள் நாம் போடும் பூட்டு, அதற்கு வெளியே சாதனத்தின் முகப்பில் ஓடும் முன்னோட்டத்தை எட்டுவதில்லை. 1985 முதல் இயங்கும் இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறையோ, சிறுவர்களை நோக்கிய விளம்பரத்தில் அவர்கள் மனதுக்குத் தீங்கு தருவது எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. பேய்ப்பட முன்னோட்டம் பெரியவர்களை நோக்கியது என்று சொல்லி இதிலிருந்து தப்பிவிடலாம். அது எங்கே, எந்த வீடியோவுக்கு முன்னால் போடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நியாயம் கிடைக்கும். தானாக ஓடும் வசதியை அணைத்த நிலையிலேயே சாதனத்தை விற்கச் சொல்வது பெரிய கோரிக்கையும் அன்று. மன்றத்தின் இணையதளத்தில் யாரும் புகார் அளிக்கலாம். எந்த விளம்பரம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தச் செயலியில் வந்தது, அப்போது குழந்தை என்ன பார்த்துக்கொண்டிருந்தது என்பதை எழுதி, முடிந்தால் திரையைப் போனில் படம் எடுத்து இணைத்து அனுப்புங்கள்.